பிடி தளரும் இடம்: சிறுநீரகம் உருவாவதிலும் நோயுறுவதிலும் உயிரணு ஒட்டுதலின் பங்கு

உட்லண்ட்ஸில் அட்மிரல்டி எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி நிற்கிறது கம்போங் அட்மிரல்டி. கீழே உணவங்காடி நிலையம், மேலே மூத்தோருக்கான வீடுகள், இடையில் அட்மிரல்டி மருத்துவ நிலையம். அங்குள்ள நீரிழிவுப் பிரிவுக்குப் போகிறவர்கள் ரத்தப் பரிசோதனையோடு ஒரு சிறு குப்பியில் சிறுநீரும் கொடுத்துவிட்டு வருவார்கள். ஆய்வகம் அதில் தேடுவது அல்புமின் என்ற ரத்தப் புரதத்தை. நல்ல சிறுநீரகம் அதை ஏறக்குறைய முழுவதுமாக ரத்தத்திலேயே நிறுத்திவிடும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் என்ற அளவை அல்புமின் தாண்டி, மூன்று மாதமாகியும் இறங்கவில்லை என்றால் சிறுநீரகம் அடிபடத் தொடங்கிவிட்டது என்று மருத்துவர் முடிவு செய்வார். அந்தக் கட்டத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவுகூடப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அல்புமின் ஏன் கசிகிறது? கடந்த 30 ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் விடை இது: வடிகட்டியின் உயிரணுக்கள் ஒன்றோடொன்றும், தாம் நிற்கும் சவ்வோடும் கொண்டிருந்த பிடி தளர்கிறது. கருவில் சிறுநீரகத்தைக் கட்டி எழுப்பியதும் இதே வகைப் பிடிமானம்தான். பாடநூல்களில் உயிரணுக்களை ஒட்டவைக்கும் புரதங்கள் ஓர் அத்தியாயத்தில் வரும். சமிக்ஞை கடத்தும் புரதங்கள் வேறோர் அத்தியாயத்தில் வரும். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினை செல்லாது என்பது என் உறுதியான கருத்து. இங்கே பிடித்து நிற்கும் மூலக்கூறுதான் செய்தியும் சொல்கிறது. அதனால் ‘பிடி விட்ட நோய்’ என்றும் ‘செய்தி தவறிய நோய்’ என்றும் இரண்டாகப் பிரிக்கப் பார்த்தால் பிரிய மறுக்கின்றன.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது தொலைவான அறிவியல் அல்ல. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடையே அது 9.7 விழுக்காடு. இந்நாட்டில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழக்கும் மூவரில் ஏறத்தாழ இருவருக்கு அடிப்படைக் காரணம் நீரிழிவு. மருத்துவர் கூ ஊன் டெயிக் 1969இல் தொடங்கிய தேசியச் சிறுநீரக அறநிறுவனம் தன் முதல் ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தை 1982இல் சிராங்கூன் சாலையிலுள்ள குவோங் வாய் ஷியூ மருத்துவமனையில் திறந்தது. இன்று அத்தகைய நிலையங்கள் தீவெங்கும் வீவக புளோக்குகளின் கீழ்த்தளங்களில் இயங்குகின்றன. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் அந்தக் கணக்கில் வாழ்ந்துகொண்டிருப்பார்.

வடிகட்டியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் குளோமெருலஸ் எனப்படும் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுருள் இருக்கிறது. குறுக்களவு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் இச்சுருள்களின் வழியே வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போக மற்றதெல்லாம் நுண்குழல்களில் மீட்கப்பட்டு ரத்தத்துக்குத் திரும்புகிறது. வடிகட்டும் சுவருக்கு மூன்று அடுக்குகள். உள்ளே துளைகள் நிறைந்த ரத்தக்குழாய் உயிரணுக்கள். நடுவே அடித்தளச் சவ்வு. வெளிப்புறம் போடோசைட் எனப்படும் உயிரணுக்கள். போடோசைட் தன் உடலிலிருந்து கிளைகளை நீட்டி, கிளைகளிலிருந்து நுண்ணிய பாதங்களை நீட்டி, சவ்வின்மேல் ஊன்றி நிற்கிறது. பக்கத்துப் போடோசைட்டின் பாதங்களும் இதன் பாதங்களும் இரு கைவிரல்களைக் கோத்ததுபோல மாறிமாறி அமைகின்றன. இடையில் உள்ள இடுக்கின் அகலம் சுமார் 40 நானோமீட்டர். அந்த இடுக்கிலும் ஒரு மெல்லிய திரை உண்டு. அதன் ஒழுங்கான அமைப்பை ரோட்வால்டும் கார்னோவ்ஸ்கியும் 1974இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு வரைந்தார்கள். அது எதனால் ஆனது என்பது மட்டும் மேலும் கால் நூற்றாண்டுக்குப் பிடிபடவில்லை.

விடை பின்லாந்துக் குழந்தைகளிடமிருந்து வந்தது. அங்கே ஏறத்தாழ 8,000 முதல் 10,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை, கருவிலேயே சிறுநீரில் புரதத்தைக் கொட்டத் தொடங்கிவிடும். கார்ல் டிரிக்வாசன் தலைமையிலான குழு அந்தக் குடும்பங்களின் மரபணுக்களைத் துருவி, 1998இல் நெஃப்ரின் என்ற புரதத்தை அறிவித்தது. 1,241 அமினோ அமிலங்கள் கொண்ட அது, உயிரணுக்களை ஒட்டவைக்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. எதிரெதிர்ப் பாதங்களிலிருந்து நீளும் நெஃப்ரின் மூலக்கூறுகள் இடுக்கின் நடுவே சந்தித்துப் பற்றிக்கொள்வதால்தான் அந்தத் திரை உருவாகிறது. அது இல்லாமல் பிறந்த குழந்தைக்குப் பாதங்கள் தட்டையாகிவிடும், திரை இருக்காது, அல்புமின் தடையின்றி வெளியேறும். டிரிக்வாசன் பின்னர் சிங்கப்பூருக்கு வந்து டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் பேராசிரியரானார் என்பது நம் ஊருக்கு இக்கதையோடு உள்ள நேரடித் தொடர்பு.

நெஃப்ரினை வெறும் ஒட்டும் புரதம் என்று நினைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். உயிரணுவுக்குள் நீளும் அதன் வால்பகுதியில்தான் புதிய கதை தொடங்கியது. 2000இல் போடோசின் என்ற புரதம் கண்டறியப்பட்டது. அது நெஃப்ரினைச் சவ்வில் நிலைநிறுத்துகிறது. 2006இல் டோனி பாசனின் கனடா ஆய்வகம் வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியமானது. நெஃப்ரினின் வாலில் பாஸ்பேட் ஏறும்போது என்சிகே என்ற இணைப்புப் புரதம் அதில் வந்து தொற்றிக்கொள்கிறது. அதன்வழி பாதங்களுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகள் மாற்றி அடுக்கப்படுகின்றன. அதாவது பக்கத்து உயிரணுவின் பிடி எப்படி இருக்கிறது என்ற தகவல் அதே மூலக்கூறின் வழியே உள்ளே போய், பாதத்தின் வடிவத்தை மாற்றுகிறது. வெளியே பிடி குலைந்தால் உள்ளே ஆக்டின் சட்டகம் குலையும். உள்ளே செய்தி குலைந்தாலும் வெளியே பிடி விடும்.

இந்த இரண்டாவது வழியைத் தெளிவாகக் காட்டியவர்கள் சிங்கப்பூர் ஆய்வாளர்கள். குழந்தைகளுக்கு வரும் நெஃப்ரோட்டிக் நோயைப் பெற்றோர் முதலில் கவனிப்பது காலையில்தான்: தூங்கி எழும் பிள்ளையின் கண்ணிமைகள் வீங்கியிருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் வடிந்துவிடும். ஒரு சளிக்காய்ச்சலுக்குப் பிறகு மறுபடி வரும். இதனாலேயே வீட்டில் தினமும் காலைச் சிறுநீரில் சோதனைப் பட்டையைத் தோய்த்து நிறம் பார்க்கும் பழக்கம் அந்தக் குடும்பங்களில் ஆண்டுக்கணக்கில் தொடரும். சாதாரண நுண்ணோக்கியில் இப்பிள்ளைகளின் குளோமெருலஸ் குறையற்றதாகத் தெரிவதால், நோயின் வேர் எங்கே என்பது நெடுநாள் புதிராக இருந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் யாப் ஹுய் கிம்மின் குழு, நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் சுரக்கும் இன்டர்லூகின்-13 என்ற சமிக்ஞைப் புரதத்தை எலிகளில் மிகுதியாகச் சுரக்க வைத்தது. 2007இல் வெளியான முடிவின்படி, அந்த எலிகளுக்கு அல்புமின் கசிந்தது, போடோசைட் பாதங்கள் தட்டையாயின. நெஃப்ரின், போடோசின், டிஸ்ட்ரோகிளைகான் ஆகிய மூன்று பிடிமானப் புரதங்களும் குறைந்தன. மரபணுவில் எந்தப் பிழையும் இல்லை. செய்தி ஒன்று மிகையானதில் பிடி விட்டது.

அதன் பிறகு வந்தது இன்னும் நேரடியான சான்று. 2022இல் பாஸ்டன் ஆய்வாளர்களாலும், 2024இல் ஹம்பர்க் நகரின் டோபியாஸ் ஹூபர் குழுவினராலும் இந்நோயாளிகளின் ரத்தத்தில் நெஃப்ரினையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் காட்டப்பட்டன. ஹம்பர்க் ஆய்வில் நெஃப்ரோட்டிக் நோயுள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடமும், மருந்து தொடங்காமல் நோய் தீவிரமாக இருந்த குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினரிடமும் அவை இருந்தன. நோய் அடங்கும்போது எதிர்ப்பொருளும் குறைந்தது. கடந்த பத்தாண்டில் சிறுநீரக மருத்துவத்தில் வந்தவற்றில் இதுவே ஆகப் பெரிய முன்னேற்றம் என்று நினைக்கிறேன். காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்துவந்த நோய்க்கு, அளந்து பார்க்கக்கூடிய ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

இதுவரை சொன்னது பக்கத்து உயிரணுவோடான பிடி. காலடிச் சவ்வோடான பிடி வேறு மூலக்கூறுகளைச் சார்ந்தது. போடோசைட் பாதத்தின் அடியில் ஆல்ஃபா3பீட்டா1 என்ற இன்டெக்ரின் வகைப் பிடிமானப் புரதம் இருக்கிறது. அது சவ்விலுள்ள லேமினின்-521 என்ற புரதத்தைப் பற்றுகிறது. லேமினினின் பீட்டா2 சங்கிலி மரபணுவில் பிழை இருந்தால் பியர்சன் நோய்க்குறி: பிறவியிலேயே புரதக் கசிவும் கண்மணி சுருங்கியிருத்தலும். இன்டெக்ரின் ஆல்ஃபா3இல் பிழை உள்ள குழந்தைகள் 2012இல் விவரிக்கப்பட்டார்கள். சிறுநீரகம், நுரையீரல், தோல் மூன்றும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டிருந்தன. சவ்வின் கொலாஜன்-4 இழைகளில் பிழை இருந்தால் ஆல்போர்ட் நோய், அதில் காதும் கேட்காமல் போகும். இவை அரிய நோய்கள்தான். ஆனால் நீரிழிவு என்ற பெருநோயில் நடப்பதைப் புரிந்துகொள்ள இவை வழி காட்டின.

நீரிழிவில் என்ன நடக்கிறது? சர்க்கரை மிகுந்த ரத்தத்தால் குளோமெருலஸுக்குள் அழுத்தம் ஏறுகிறது, சுருள் விரிகிறது, அடித்தளச் சவ்வு தடிக்கிறது. போடோசைட் நீண்டுபோன பரப்பை மூடத் தன் பாதங்களை அகட்டி நிற்கவேண்டியிருக்கிறது. இன்டெக்ரின்களும் நெஃப்ரினும் குறைகின்றன. ஒரு கட்டத்தில் உயிரணு முழுவதுமாகச் சவ்விலிருந்து பெயர்ந்து சிறுநீரோடு போய்விடுகிறது. நோயாளிகளின் சிறுநீரில் போடோசைட்டுகளையே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பெயர்ந்துபோனதன் இடத்தை நிரப்ப வழியில்லை, ஏனெனில் முதிர்ந்த போடோசைட் பிரிந்து பெருகுவதில்லை. ஒரு குளோமெருலஸில் இருப்பது சில நூறு மட்டுமே. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால் அந்த இடத்தில் தழும்பு விழும் என்பதை எலிகளில் போடோசைட்டுகளை மட்டும் அழித்துக் காட்டிய ஆய்வுகள் நிறுவின. அல்புமின் பரிசோதனையை ஆண்டுதோறும் தவறாமல் செய்யச் சொல்வதன் அவசரம் இங்கேதான் இருக்கிறது. தளர்ந்த பிடியை இறுக்கலாம். பெயர்ந்த உயிரணுவை மீட்க முடியாது.

வடக்குச் சிங்கப்பூரில் இதற்கென்றே ஒரு நீண்ட ஆய்வு நடந்துவருகிறது. ஈசூனிலுள்ள கூ டெக் புவாட் மருத்துவமனையின் லிம் சூ சி குழு, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. அட்மிரல்டி மருத்துவ நிலையத்தின் நீரிழிவுப் பிரிவும் அக்குழுவின் களம். சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் அதில் உள்ளனர். 2017இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளில் ஒன்று, ரத்தத்தில் எல்ஆர்ஜி1 என்ற புரதம் மிகுந்திருந்தவர்களுக்குச் சிறுநீரகத் திறன் வேகமாகச் சரிந்தது என்பது. டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் பாதையை ரத்தக்குழாய் உயிரணுக்களில் எல்ஆர்ஜி1 திசைதிருப்புகிறது என்பது 2013இல் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கசிவு தெரியும் முன்பே செய்தி மாறியிருக்கிறதா என்று பார்க்க இது ஒரு வழி. ஓர் ஆய்வகப் புரதம் மருந்தக மேசைக்கு வர வெகுதூரம் உண்டு. என்றாலும் நம் வட்டார நோயாளிகளின் ரத்தத்திலிருந்தே இந்தக் கேள்வி கேட்கப்படுவது முக்கியம், ஏனென்றால் ஐரோப்பிய நோயாளிகளிடம் எடுத்த அளவுகள் நமக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மருந்துகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏசிஇ தடுப்பிகளும் ஏஆர்பி வகை மருந்துகளும், 2019க்குப் பிறகு பெரும் ஆய்வுகளில் பலன் காட்டிய எஸ்ஜிஎல்டி2 தடுப்பிகளும் முதன்மையாகக் குளோமெருலஸின் உள்ளழுத்தத்தைக் குறைக்கின்றன. பிடியின்மேல் விழும் இழுவை குறைவதால் போடோசைட் நிலைத்து நிற்கிறது. இவை உயிரைக் காக்கும் மருந்துகள். மருத்துவர் எழுதிக் கொடுத்தபின் பக்கவிளைவுக்குப் பயந்து தாமாக நிறுத்திவிடுபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ஆனால் பிடிமானத்தையே நேரடியாக வலுப்படுத்தும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. இத்துறை இனி போகவேண்டிய திசை அது.

கருவுக்குள் போனால் இதே மூலக்கூறுகளின் உறவினர்களைப் பார்க்கிறோம். ஐந்தாவது வாரத்தில் ஒரு குழாயிலிருந்து சிறுநீர்க்குழாய் மொட்டு முளைத்து, அருகிலுள்ள தளர்ந்த உயிரணுத் திரளுக்குள் நுழைகிறது. மொட்டு திரளைப் பார்த்து நெஃப்ரானாகு என்கிறது. திரள் மொட்டைப் பார்த்துக் கிளை விடு என்கிறது. இந்த உரையாடலை முதலில் ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தவர் அமெரிக்கரான கிளிஃபோர்ட் குரோப்ஸ்டைன். 1950களில் அவர் எலிக்கருவின் திரளையும் அதைத் தூண்டும் திசுவையும் ஒரு வடிதாளின் இருபுறமும் வைத்து வளர்த்தார். தாள் இடையில் இருந்தும் நுண்குழல்கள் உருவாயின. செய்தி ஏதோ கரைந்து பரவுகிறது என்றே பலரும் நினைத்தார்கள். 1970களில் ஹெல்சிங்கியில் லௌரி சாக்சேனின் குழு துளை அளவு வேறுபட்ட வடிதாள்களை வைத்து மறுபடி செய்து பார்த்தது. துளைகள் மிகச் சிறியதாக இருந்தபோது தூண்டல் நின்றுபோனது. துளை போதிய அளவில் இருந்தபோது, உயிரணுக்கள் தம் நீட்சிகளைத் துளைவழியே செலுத்தி மறுபக்கத்தைத் தொட்டிருந்தது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது. தொட்டால்தான் செய்தி போகிறது. இந்தச் செய்தியைச் சுமப்பவை விண்ட் வகைப் புரதங்கள் என்பது பின்னால் தெரியவந்தது. கொழுப்பு அமிலம் ஒட்டிய அவை நீரில் எளிதில் பரவுவதில்லை, எனவே அண்மை வேண்டியிருக்கிறது.

திரள் மொட்டை அழைக்கும் செய்தி ஜிடிஎன்எஃப். மொட்டில் அதை ஏற்பது ரெட் என்ற ஏற்பி. இரண்டில் ஒன்று இல்லாத எலிகளுக்குச் சிறுநீரகமே உருவாவதில்லை என்பது 1990களில் நிறுவப்பட்டது. இது சமிக்ஞைக் கதை என்று எடுத்துக்கொண்டால், 1997இல் வந்த முடிவு அதைக் கலைத்தது. ஒட்டுதல் புரதமான இன்டெக்ரின் ஆல்ஃபா8 இல்லாத எலிகளிலும் பெரும்பாலானவற்றுக்குச் சிறுநீரகம் இல்லை. திரளின் ஆல்ஃபா8, மொட்டு விரித்த நெஃப்ரோனெக்டின் என்ற புரதத்தைப் பற்றினால்தான் ஜிடிஎன்எஃப் தேவையான அளவு சுரக்கிறது. பிடி கிடைத்த பிறகே பேச்சு. 2014இல் அதே ஆல்ஃபா8 மரபணுப் பிழையோடு, இரு சிறுநீரகமும் இல்லாத மனிதக் கருக்களும் விவரிக்கப்பட்டன. கால்மன் நோய்க்குறி இன்னொரு சான்று. அதில் ஒருவகை, உயிரணுக்களுக்கு வெளியே இருக்கும் அனோஸ்மின் என்ற புரதத்தின் பிழையால் வருகிறது. அந்த வகை உள்ளவர்களுக்கு வாசனை தெரியாது, பருவமடைதல் தாமதமாகும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஒரு பக்கச் சிறுநீரகம் இல்லை.

பீட்டா-கேட்டினின் என்ற புரதத்தைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. அது கேட்ஹெரின் என்ற ஒட்டுதல் புரதங்களின் உள்வாலைப் பிடித்து உயிரணுக்களை ஒட்டவைக்கிறது. விண்ட் செய்தி வந்தால் அதே புரதம் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. திரள் உயிரணுக்கள் நெஃப்ரானாக மாறத் தொடங்க இந்த இரண்டாம் வேலை வேண்டும்; தொடங்கியபின் அடங்கி, முதல் வேலைக்குத் திரும்பி, நுண்குழலாக ஒட்டி நிற்க வேண்டும். அடங்காமல் போனால் உயிரணுக்கள் பாதி வழியில் தங்கிவிடுகின்றன. குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் எனப்படும் சிறுநீரகக் கட்டிகளில் ஒரு பகுதியில் பீட்டா-கேட்டினின் மரபணுவே பிறழ்ந்திருக்கிறது.

நெஃப்ரான் உருவாக்கம் கர்ப்பத்தின் 36ஆம் வாரமளவில் நின்றுவிடுகிறது. அதன் பிறகு புதிதாக ஒன்றுகூட வருவதில்லை. ஆளுக்காள் எண்ணிக்கை வியக்கத்தக்க அளவு வேறுபடுகிறது: ஒரு சிறுநீரகத்தில் இரண்டு லட்சம் முதல் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல் வரை எண்ணியிருக்கிறார்கள். 2003இல் ஜெர்மனியில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களைச் சோதித்தபோது, உயர் ரத்த அழுத்தம் இருந்த பத்துப் பேருக்கு ஒரு சிறுநீரகத்தில் சுமார் 7 லட்சமும், இல்லாத பத்துப் பேருக்குச் சுமார் 14 லட்சமும் இருந்தன. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு நெஃப்ரான்கள் குறைவு என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், தென்னிந்தியத் தாய்மாரின் கர்ப்பகால உணவும் ஓய்வும் பிள்ளைகளின் பிற்காலச் சிறுநீரகக் கணக்கில் வந்து நிற்பதாகத் தோன்றுகிறது. குறைந்த முதலோடு பிறந்தவருக்கு நீரிழிவும் வந்தால் ஒவ்வொரு குளோமெருலஸின் சுமையும் மேலும் கூடுகிறது.

நோய் முற்றிய நிலையில் வரும் தழும்பைப் பற்றிய விவாதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுண்குழல் உயிரணுக்கள் தம் பிடியை விட்டுத் தழும்பு உண்டாக்கும் உயிரணுக்களாக மாறுகின்றன என்று 2002 வாக்கில் வலுவாகச் சொல்லப்பட்டது. 2010இல் உயிரணுக்களின் வழித்தோன்றலைப் பின்தொடர்ந்த ஆய்வுகள், தழும்பின் பெரும்பகுதி ரத்தக்குழாய்களைச் சுற்றியுள்ள உயிரணுக்களிலிருந்து வருவதாகக் காட்டின. இரண்டாவது தரப்பின் சான்று எனக்கு வலுவாகத் தெரிகிறது. நுண்குழல் உயிரணுக்கள் இடம் பெயராமலேயே, பாதிப் பிடியை இழந்த நிலையில், சுற்றியுள்ளவற்றுக்குத் தவறான செய்தி அனுப்புகின்றன என்பதே இப்போது பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோயிலும் பிடியா செய்தியா என்ற குழப்பம் உண்டு. 1994இல் கண்டறியப்பட்ட பிகேடி1 மரபணு தரும் பாலிசிஸ்டின்-1 என்ற புரதம் 4,300 அமினோ அமிலங்களுக்கு மேல் நீளமானது. அதன் வெளிப்பகுதியில் ஒட்டுதல் புரதங்களுக்கு உரிய அமைப்புகள் உள்ளன. ஆனால் அது நுண்குழல் உயிரணுவின் உச்சியிலுள்ள சிலியம் என்ற நுண்மயிரிலும் இருக்கிறது. ஒட்டும் புரதமா, ஏற்பியா என்று இரு அணிகள் வெகுகாலம் வாதிட்டன. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியில் சியா யுன்னின் குழு, இந்நோயின் மரபணுப் பிழை கொண்ட மனித மூல உயிரணுக்களிலிருந்து குறுஞ்சிறுநீரகங்களை வளர்த்து, சிலியத்துக்கும் உயிரணுவின் உட்கழிவு அகற்றலுக்கும் உள்ள தொடர்பை 2024இல் காட்டியது.

அதே குழு 2019இல் ரத்தக்குழாய் வலையோடு கூடிய மனிதக் குறுஞ்சிறுநீரகங்களை வளர்த்திருந்தது. குளோமெருலஸ் உண்டு, நுண்குழல் உண்டு, நெஃப்ரின் உரிய இடத்தில் இருக்கிறது. இவ்வகைக் குறுஞ்சிறுநீரகங்கள் பெரும்பாலானவற்றில் இல்லாதது வெளியேறும் வழி. திரள் உயிரணுக்களிலிருந்து நெஃப்ரான்களைச் செய்ய ஒரு முறையும், மொட்டிலிருந்து கிளைவிடும் சேகரிப்புக் குழாயைச் செய்ய வேறொரு முறையும் தேவைப்படுகின்றன. இரண்டையும் தனித்தனியாக வளர்த்துச் சேர்த்தால் அவை ஒன்றையொன்று கண்டு, பற்றி, துளையோடு துளை இணைய வேண்டும். ஜப்பானின் குமமோட்டோவில் நிஷினகமுராவின் குழு எலி உயிரணுக்களை வைத்து 2017இல் இந்தச் சேர்க்கையைச் செய்து, கிளைவிட்ட குழாய்களின் நுனியில் நெஃப்ரான்கள் அமைவதைக் காட்டியது. மனித உயிரணுக்களில் அந்த இணைப்பு உறுதியாக நிகழ்ந்து, வடிந்த நீர் ஒரே வாயில்வழி வெளியேறவேண்டும் என்பதற்காகத்தான் இன்று பல நாட்டு ஆய்வகங்கள் விண்ட், ஜிடிஎன்எஃப், லேமினின் ஆகியவற்றின் அளவையும் நேரத்தையும் மாற்றிமாற்றிச் சோதித்துக்கொண்டிருக்கின்றன.